பிரியாணியோடு முடிந்துபோகும் பாஸ்கா

தவக்காலத்தைக் கடைப்பிடிக்க நமக்கு நன்றாகவே தெரியும். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல், வெள்ளிதோறும் சிலுவைப்பாதை, வீட்டில் கறி கிடையாது. 14 நிலைகளையும் புத்தகம் பார்க்காமலே சொல்லிவிடுவோம். உயிர்த்த இயேசு யார் யாருக்குத் தோன்றினார் என்று பிள்ளைகள் கேட்டால் மட்டும், தோமாவோடு நின்றுவிடும் நம் பதில். தவக்காலம் 40 நாள். பெந்தக்கோஸ்து வரையிலான பாஸ்கா காலமோ 50 நாள். அந்த ஐம்பதையும் ஞாயிறு மதியப் பிரியாணியோடு முடித்துவிடுகிறோம்.

பாஸ்கா திருவிழிப்பில் வானவர் கீதம் தொடங்கியதும் திரை விலகும், விளக்குகள் எரியும், கொடியேந்திய சொரூபம் மேலெழும்பும், வெளியே வெடி வெடிக்கும். கண் கலங்கிவிடும் நமக்கு. அந்தக் கண்ணீரில் பொய் இல்லை. ஆனால் நற்செய்தியில் உயிர்த்த இயேசு ஒருமுறைகூட அப்படி வரவில்லை.

மகதலா மரியா அவரைத் தோட்டக்காரர் என்றே நினைத்தார். எம்மாவுக்குப் போன இருவருக்கும், கூடவே பேசிக்கொண்டு நடந்தவர் யாரோ வழிப்போக்கர். திபேரியக் கடற்கரைதான் எனக்கு மிகவும் பிடித்தது. இரவெல்லாம் வலை போட்டும் ஒன்றும் அகப்படாத சீடர்கள், கரையில் நின்றவரின் சொல் கேட்டு மறுபடி வீசி 153 மீன் பிடிக்கிறார்கள். கரையேறிப் பார்த்தால் அங்கே கரியடுப்பு மூட்டி மீன் சுட்டு வைத்திருக்கிறார் அவர். சாவை வென்று வந்தவர் பார்த்த வேலை, களைத்து வந்தவர்களுக்குக் காலைச் சாப்பாடு தயாரித்தது!

தோட்ட வேலையும் அடுப்படி வேலையும் நம்மைச் சுற்றி அன்றாடம் நடக்கின்றன. செய்கிறவர் முகத்தைத்தான் நாம் பார்ப்பதில்லை. திருவிழிப்பு முடிந்து கிளம்பும்போது கோயில் தரையெங்கும் மெழுகைச் சிந்திவிட்டுப் போகிறோம். விடியுமுன் கோயில்பிள்ளை குந்தி உட்கார்ந்து, ஒரு தகரத் துண்டால் அதைச் சுரண்டிக்கொண்டிருப்பார். காலைப் பூசைக்கு வரும் நாம் அவரைத் தாண்டிப் போய்ச் சொரூபத்தின் பாதத்தைத் தொட்டு முத்துகிறோம். பாஸ்கா வாழ்த்தை அவருக்கும் சொல்லலாம் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை.

இதைவிடக் கனமான ஒன்றும் உண்டு. வெறுமையான கல்லறையைப் பாடிக் கொண்டாடும் நாம்தான், தமிழ்நாட்டில் பல ஊர்களில் சாதிவாரியாகக் கல்லறைத் தோட்டம் வைத்திருக்கிறோம். சில இடங்களில் தோட்டம் ஒன்றுதான், நடுவில் சுவர். அதை அரசாங்கம் கட்டவில்லை, வெளியாள் யாரும் வந்து கட்டவில்லை. நம் முன்னோர் எழுப்பினார்கள், நாம் காத்து வருகிறோம். நவம்பர் 2ஆம் தேதி அவரவர் பக்கத்தில் பூ வைத்து, திரி ஏற்றி, வீடு திரும்புகிறோம். யாராவது பேச்செடுத்தால், பங்கில் எதற்குச் சண்டை என்று நழுவிவிடுகிறோம்.

மும்முறை மறுதலித்த பேதுருவும் அந்தக் கடற்கரையில் இருந்தார். பழையதைக் கிளறி அவரை விரட்டவில்லை இயேசு. தன்மேல் அன்பு உண்டா என்று மும்முறை கேட்டுவிட்டு, ஆடுகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நமக்கும் வேலை மிச்சமிருக்கிறது.

பெந்தக்கோஸ்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. அடுத்த அன்பியக் கூட்டத்தைக் கல்லறைக் குழி வெட்டுபவரின் வீட்டில் வைப்போம். சுவர் நிற்கிற பங்குகளில், அதை இடிக்கிற பேச்சைப் பேரவையில் நாமே எடுப்போம். வேறு யாராவது எடுப்பார்கள் என்றுதான் இத்தனை பாஸ்காக்களைக் கடத்திவிட்டோம்.