வெயில்மேல் போட்ட பழி

சூடான நாட்டுக்காரன் சோம்பேறி, குளிர்நாட்டுக்காரன் அறிவாளி. டீக்கடை வம்பு இல்லை இது, பல்கலைக்கழகப் புவியியல்! ஜெர்மனியின் ராட்ஸல் 1882இல் தொடங்கிவைத்ததை அமெரிக்காவுக்குச் சுமந்துபோனவர் எலன் செம்பிள். லைப்சிக்கில் பெண் என்பதற்காக அவரை முறையான மாணவராகச் சேர்க்கவே இல்லை. ஆண்களிடமிருந்து தள்ளி உட்கார்ந்துதான் பாடம் கேட்டார். தள்ளி உட்காரவைத்தது எந்த மலை, எந்தக் காற்று? 1911இல் அத்தனை தடிமனாய்ப் புத்தகம் எழுதினவருக்கு இந்தக் கேள்வி தோணவே இல்லையா?

யேல் ஹண்டிங்டன் இன்னும் மோசம். 1915இல் 'நாகரிகமும் தட்பவெப்பமும்' எழுதினார். கனெக்டிகட் ஆலைத் தொழிலாளிகளின் கூலிக்கணக்கைப் புரட்டி, உடலுழைப்புக்குச் சுமார் 18 டிகிரி செல்சியஸ் உகந்தது என்றார். எந்த நாடு எவ்வளவு நாகரிகம் என்று அறிஞர்களுக்குக் கடிதம் போட்டு மார்க் வாங்கினார். பதில் போட்டவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியர், அமெரிக்கர். உச்ச மார்க் அவங்க ஊருக்கே. எங்க பேங்கில் லெட்ஜர் எழுதினவனே ஆடிட்டும் பண்ணினால் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. இவரையோ அமெரிக்க இனமேம்பாட்டுச் சங்கம் 1930களில் தலைவராக்கியது.

1925இல் கார்ல் சாவர் எதிர்த்தார். பிறகு துறையே மெல்லக் கைகழுவியது. பெரும்பாலும் சொன்ன காரணம், 'அறிவியல்முறை இல்லை' என்பது. கப்பலேறிப்போன கொள்ளையை மறைத்து, பறிகொடுத்தவன் பசிக்கு வெயில்மேல் பழிபோட்டது குற்றம் என்று எத்தனை பேராசிரியர்கள் வாய்திறந்தார்கள், தோழர்களே?