கால் அங்குலக் குண்டும் மான், பன்றி வேட்டையும்

அமெரிக்காவில் இலையுதிர் காலம் தொடங்கிவிட்டால் மான் வேட்டைக்காரர்களிடையே ஒரு பழைய சண்டையும் தொடங்கிவிடும். எந்தத் துப்பாக்கி நல்லது? 25-06 போதும் என்பார் ஒருவர். அது முயலுக்குத்தான் லாயக்கு, 30-06 இல்லாமல் காட்டுக்குள் போகாதே என்பார் இன்னொருவர். மணிக்கணக்கில் நடக்கும் இந்தச் சண்டையில் முக்கியமான ஒரு விஷயம் மட்டும் பேசப்படுவதே இல்லை. மானின் உடம்புக்குள் போவது துப்பாக்கி அல்ல, அதன் பெயரும் அல்ல. ஆறேழு கிராம் எடையுள்ள ஓர் உலோகத் துண்டுதான் போகிறது. உள்ளே போய் அது என்ன செய்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வேட்டை சரியா தவறா என்பது தனி விவாதம். அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். சட்டப்படி உரிமம் வாங்கி ஒருவர் சுடுவது என்று முடிவு செய்த பிறகு மிச்சமிருப்பது ஒரே கேள்விதான். அந்த மிருகம் சில நொடிகளில் விழுகிறதா? அல்லது காயத்தோடு புதருக்குள் ஓடி, யார் கண்ணிலும் படாமல் இரண்டு நாள் கிடந்து சாகிறதா? குறி பார்க்கும் திறமை இதில் பாதி. மீதிப் பாதி, கடையில் தோட்டாப் பெட்டியைக் கையில் எடுக்கும்போதே முடிவாகிவிடுகிறது.

கால் அங்குலம் என்றால் என்ன?

முதலில் சில அடிப்படைகள். பித்தளைக் கூடு, வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்ததுதான் தோட்டா. குழலைவிட்டு வெளியே போவது குண்டு மட்டுமே. குழலுக்குள் வெட்டப்பட்ட புரிகளின் மேட்டுக்கு மேடு அளந்தால் 0.25 அங்குலம் வரும். அதனால்தான் கால் அங்குலம் என்று பெயர். ஆனால் குண்டின் விட்டம் 0.257 அங்குலம், அதாவது 6.53 மில்லிமீட்டர். 6.5 மி.மீ. என்று பெயர் போட்டு விற்கும் குண்டுகளின் விட்டமோ 0.264 அங்குலம். இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது.

குண்டின் எடையை கிரெய்ன் என்ற அளவில் சொல்வார்கள். 7000 கிரெய்ன் ஒரு பவுண்டு. 100 கிரெய்ன் என்றால் கிட்டத்தட்ட ஆறரை கிராம்.

இந்தக் குடும்பத்தில் பல உறுப்பினர்கள் உண்டு. 1895-இல் வந்த 25-35 வின்செஸ்டர். 1915-இல் வந்த 250 சாவேஜ். நெட் ராபர்ட்ஸ் என்பவரின் பெயரைத் தாங்கி 1934-இல் ரெமிங்டன் வெளியிட்ட 257 ராபர்ட்ஸ். 1940-களில் ராய் வெதர்பி உருவாக்கிய 257 வெதர்பி மேக்னம். பல பத்தாண்டுகள் பட்டறைக்காரர்கள் கையால் செய்துகொண்டிருந்து, 1969-இல் ரெமிங்டன் முறையாகச் சந்தைக்குக் கொண்டுவந்த 25-06. எல்லாவற்றுக்கும் குண்டின் விட்டம் ஒன்றுதான். வேகம் மட்டும் வேறு வேறு. குழப்பமே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

வேகத்தின் மீது வந்த மோகம்

சார்லஸ் நியூட்டன் வடிவமைத்த 250 சாவேஜின் முழுப் பெயர் 250-3000. வினாடிக்கு 3000 அடி, அதாவது சுமார் 914 மீட்டர் வேகம் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். அந்தக் காலத்தில் அது பெரிய அதிசயம். ஆனால் அந்த எண்ணை எட்டுவதற்கு 87 கிரெய்ன் என்ற எடைகுறைந்த குண்டைப் போட வேண்டியிருந்தது. குழலின் புரியும் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று மெதுவாகவே வைக்கப்பட்டது. அதனால் நீளமான, கனமான குண்டுகள் அந்தப் பழைய குழல்களில் சரியாகச் சுழல்வதில்லை.

கால் அங்குலத்தின் மேல் விழுந்த பாதிப் பழி அன்று தொடங்கியதுதான். வேகம் கூடினால் சக்தி கூடும் என்பது கணக்குக்குச் சரி. ஆனால் மெல்லிய செம்புச் சட்டை போட்ட ஒரு சின்ன ஈயக் குண்டு அவ்வளவு வேகத்தில் தோள்பட்டை எலும்பில் மோதினால் என்ன ஆகும்? அங்கேயே சிதறிவிடும். வெளியே பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்குக் காயம். உள்ளே நுரையீரலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மான் ஓடிவிடும். சுட்டவர் துப்பாக்கி சின்னது என்று குறை சொல்வார். குறை துப்பாக்கியில் இல்லை.

75 முதல் 87 கிரெய்ன் வரை விற்கும் ஈயக் குண்டுகளில் பெரும்பாலானவை புல்வெளி நாய் எனப்படும் சிறு விலங்குகளையும் கயோட்டிகளையும் சுடுவதற்காகச் செய்யப்பட்டவை. பட்டவுடன் வெடித்துச் சிதற வேண்டும் என்பதே அவற்றின் வடிவமைப்பு. அவற்றை வைத்து மான் விழுந்த கதைகள் ஏராளமாக உண்டு. விழாத மான்களின் கதையைச் சொல்லத்தான் யாரும் இல்லை.

அதே சமயம் எடை மட்டுமே அளவுகோல் என்று எடுத்துக்கொள்வதும் தவறு. பார்ன்ஸ் நிறுவனத்தின் 80 கிரெய்ன் டி.டி.எஸ்.எக்ஸ். முழுக்கச் செம்பால் ஆனது. எடை குறைவுதான், ஆனால் சிதறாது. முனை இதழ் இதழாக விரியும், உடம்பு அப்படியே உள்ளே போகும். எடைக்கு முன் கட்டுமானத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதுவே நல்ல உதாரணம்.

மானுக்கு எது?

வெள்ளைவால் மான் பெரிய கவசம் போட்ட மிருகம் இல்லை. தோல் மெல்லியது, விலா எலும்புகளும் மெல்லியவை. இதயமும் நுரையீரலும் சேர்ந்த இலக்கு ஏறக்குறைய 20 செ.மீ. அகலம். இதற்கு 100 முதல் 120 கிரெய்ன் வரையுள்ள சாதாரண மென்முனைக் குண்டே தாராளமாகப் போதும். ரெமிங்டனின் கோர்-லோக்ட், ஹார்னடியின் 117 கிரெய்ன் குண்டு போன்றவை இந்த வகை.

ஆனால் ஒரு நிபந்தனை. வேகம் கூடக்கூட குண்டும் உறுதியாக இருக்க வேண்டும். 250 சாவேஜில் வினாடிக்கு 860 மீட்டர் வேகத்தில் போகும் 100 கிரெய்ன் மென்முனைக் குண்டு அருமையாக வேலை செய்யும். அதே குண்டு 25-06-இல் 980 மீட்டரைத் தொடும். வெதர்பி மேக்னத்தில் 1000 மீட்டரைத் தாண்டிவிடும். 40 மீட்டர் தூரத்தில் நிற்கும் மானின் தோளில் அந்த வேகத்தில் மோதினால் இறைச்சி கூழாகும், குண்டு தூளாகும்.

தூரத்தில் நிற்கும் மானுக்கு எதிர்ப்பக்கச் சிக்கல். மிகவும் கெட்டியான செம்புக் குண்டுகள் சில, வேகம் வினாடிக்கு 600 மீட்டருக்குக் கீழே இறங்கினால் சரியாக விரியாமல் ஊசி போலத் துளைத்துக்கொண்டு போய்விடும். ஆகவே குண்டைத் தேர்ந்தெடுக்கும்போது துப்பாக்கியின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. எந்தத் தூரத்தில் சுடப் போகிறோம் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

பன்றி வேறு கதை

1539-இல் எர்னாண்டோ டி சோட்டோ ஃப்ளோரிடாவில் இறங்கியபோது கூடவே பன்றிகளையும் கொண்டுவந்தார். பின்னால் குடியேறிகள் அவிழ்த்துவிட்ட வளர்ப்புப் பன்றிகளும், 1912-இல் வட கரோலினாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளும் அவற்றோடு கலந்தன. இன்று குறைந்தது 35 மாநிலங்களில் 60 லட்சத்துக்கும் மேல் இருப்பதாக அமெரிக்க வேளாண் துறை மதிப்பிடுகிறது. ஒரே இரவில் ஒரு வயலை உழுததுபோல ஆக்கிவிடும். டெக்சாஸில் தனியார் நிலத்தில் இவற்றைச் சுட 2019 முதல் உரிமமே தேவையில்லை.

மானைச் சுடுவதுபோலப் பன்றியைச் சுட்டால் ஏமாற்றம்தான். பன்றியின் இதயமும் நுரையீரலும் மானுக்கு இருப்பதைவிடத் தாழ்வாகவும் முன்தள்ளியும் இருக்கின்றன. மான் வேட்டைக்காரர் பழக்கப்படி தோளுக்குப் பின்னால் சுட்டால் குண்டு குடலுக்குள் போக வாய்ப்பு அதிகம். முதிர்ந்த ஆண் பன்றிக்குத் தோளின் மேல் கெட்டியான ஒரு தடித்த கவசத் தோல் வேறு உண்டு. சண்டையில் மற்றப் பன்றிகளின் கோரைப்பல்லிலிருந்து தப்பிக்க இயற்கை கொடுத்தது. அதற்கு மேல் சேறு. உள்ளே கொழுப்பு. சின்னத் துளை என்றால் கொழுப்பே அடைத்துவிடும், ரத்தத் தடம் கிடைக்காது. எனவே பன்றிக்குக் குண்டு மறுபக்கம் வெளியே வருவது முக்கியம். அதற்குச் சிதறாத குண்டு வேண்டும்.

சேறு என்றதும் ஒரு பழைய சம்பவம் நினைவுக்கு வரும். 1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நாஸ்லர் ஒரு மூஸைச் சுட்டார். சேறு காய்ந்து ஒட்டியிருந்த தோலில் அவருடைய குண்டுகள் மேலேயே சிதறிவிட்டன. ஊருக்குத் திரும்பியவர் துப்பாக்கியை மாற்றவில்லை, குண்டை மாற்றினார். நடுவில் செம்புச் சுவர் வைத்து, முன்பாதி விரிந்தாலும் பின்பாதி குலையாமல் போகும்படி செய்தார். அதுதான் நாஸ்லர் பார்ட்டிஷன். கால் அங்குலத்தில் பன்றி வேட்டைக்கு இன்றுவரை நம்பத்தகுந்த குண்டுகளில் ஒன்று.

இரண்டுக்கும் ஒரே குண்டு?

பல இடங்களில் மானுக்காகக் காத்திருப்பவர் முன்னால் பன்றிக் கூட்டமும் வந்து நிற்கும். அப்போது தோட்டாவை மாற்றிக்கொண்டிருக்க முடியாது. பன்றியைத் தாங்கும் குண்டு மானையும் வீழ்த்தும். மானுக்கு மட்டுமே ஏற்ற மென்குண்டு பன்றியிடம் தோற்கலாம். ஆகவே இரண்டும் உள்ள இடத்தில் பன்றியை மனதில் வைத்தே வாங்க வேண்டும். 115 முதல் 120 கிரெய்ன் வரையுள்ள பார்ட்டிஷன், 110 கிரெய்ன் அக்யூபாண்ட், 100 கிரெய்ன் செம்புக் குண்டு போன்றவை நல்ல தேர்வுகள். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. அதே எடைக்கு நீளம் கூடும். 25-06, 257 ராபர்ட்ஸ் குழல்களில் வழக்கமாக இருக்கும் 10 அங்குலப் புரிக்கு 100 கிரெய்ன் பிரச்சினை இல்லை. பழைய 14 அங்குலப் புரி சாவேஜ் வைத்திருப்பவர் சுட்டுப் பார்க்காமல் காட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அண்மையில் வந்திருக்கும் 130 கிரெய்னுக்கு மேற்பட்ட நீளக் குண்டுகளுக்கு வேகமான புரியுள்ள புதிய குழலே வேண்டும்.

செம்புக்குச் சாதகமாக இன்னொரு காரணமும் உண்டு. ஈயம். வேகமாகப் போகும் மென் ஈயக் குண்டின் துகள்கள் காயத்தைச் சுற்றிலும் இறைச்சிக்குள் பரவுகின்றன. கண்ணுக்குத் தெரியாது, எக்ஸ்ரேயில் தெரியும். ஏழைகளுக்காக உணவு வங்கிகளுக்குத் தானமாக வந்த அரைத்த மான் இறைச்சியை அப்புறப்படுத்தும்படி 2008-இல் வட டகோட்டாவில் அறிவுறுத்தினார்கள். காட்டில் விட்டுவரும் குடலைத் தின்னும் கழுகுகளும் பாதிக்கப்படுகின்றன. காண்டோர் பறவைகளைக் காப்பாற்றும் முயற்சியின் தொடர்ச்சியாக, கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டுக்கே முழுத் தடை. சட்டம் வரும்வரை மற்ற மாநிலத்தவர்கள் காத்திருக்க வேண்டுமா என்ன? பிள்ளைகளின் தட்டில் போய் விழும் இறைச்சி அது.

மறுப்புகள்

செம்புக் குண்டு விலை அதிகம் என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒரு பருவத்தில் மிருகத்தை நோக்கிச் சுடுவது இரண்டோ மூன்றோ குண்டு. பயிற்சிக்கு மலிவானதை வைத்துக்கொள்ளலாம், வேட்டைக்கு முன் நல்ல குண்டைப் போட்டுக் குறியைச் சரிபார்த்துக்கொண்டால் போதும்.

சரியான இடத்தில் சுட்டால் எந்தக் குண்டும் போதும் என்பார்கள். சரியான இடத்தில் பட்டால் போதும்தான். மிருகம் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டால்? காற்று தள்ளிவிட்டால்? நல்ல குண்டு இருப்பது அந்த ஒரு தவறுக்காகத்தான். பன்றியின் காதுக்குப் பின்னால் சுட்டால் சின்னக் குண்டே போதும் என்பதும் உண்டு. 30 மீட்டரில், துப்பாக்கியை ஊன்றிவைத்துச் சுடும் அனுபவசாலிக்கு அது சரி. மற்றவர் சுட்டால் உடைவது தாடை. தாடை உடைந்த பன்றி பட்டினியால் சாகும்.

கடைசியாக, பன்றி ஒரு பீடை, அது எப்படிச் செத்தால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். விவசாயியின் நஷ்டம் பொய்யல்ல. பன்றி குறைய வேண்டும் என்பதும் நியாயமே. ஆனால் வலி பீடைக்கும் வலிதான். அதற்கும் மேல், காயம்பட்டுப் புதருக்குள் கிடக்கும் ஆண் பன்றி தேடிப்போகும் மனிதரையும் நாயையும் கிழித்துவிடும். சுடப்பட்டுத் தப்பிய கூட்டம் அடுத்து இரவில் மட்டுமே வெளியே வரும். அரைகுறை வேட்டையால் விவசாயிக்கும் லாபமில்லை.

கால் அங்குலத்துக்கு ஓர் எல்லை இருப்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 150 கிலோ ஆண் பன்றி முகத்தைக் காட்டிச் சாய்ந்து நிற்கும்போது, அதுவும் தூரத்தில், எந்த 0.257 குண்டையும் நம்பிச் சுடக் கூடாது. அது திரும்பும்வரை காத்திருக்கலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம். அந்த எல்லைக்குள் இந்தக் குண்டுக்கு நல்ல பலன் உண்டு. தோளில் உதைப்பது குறைவு, அதனால் சுடும்போது கண்ணை மூடாமல் நிதானமாகச் சுட முடிகிறது. இளைஞர்களும் உடல்வாகு சிறியவர்களும் இதை விரும்பக் காரணம் அதுதான்.

மிருகத்தை அறுக்கும்போது சில சமயம் மறுபக்கத் தோலுக்கடியில் குண்டு சிக்கியிருக்கும். அதை எடுத்துத் தூர எறியாமல் கழுவி எடை போட்டுப் பார்ப்பது நல்லது. 117 கிரெய்னாகப் போனது 100 ஆக இருந்தால் அடுத்த ஆண்டும் அதே பெட்டியை வாங்கலாம். 40 தான் மிச்சம் என்றால், மான் விழுந்திருந்தாலும், அந்தப் பெட்டியை மாற்றிவிட வேண்டும்.