கொடியும் குடியும்

ஐரோப்பாவில் ரைன் நதியோரத்து எல்லைப்புற நகராகிய ஸ்ட்ராஸ்பூர்க், 1871 முதல் 1944 வரையிலான காலத்தில் நான்கு முறை கொடி மாறிற்று. ஜெர்மானியர் ஆள வந்தபோது பிரெஞ்சுப் பற்றுடையார் பலர் ஊரைவிட்டகன்றனர். 1918க்குப்பின் ஜெர்மானியக் குடும்பங்கள் பல வெளியேற்றப்பட்டன. இதனைச் சரித்திர நூலிற் படித்து இரங்கும் நாம், நம் கேளம்பாக்கத்தின் அருகிலேயே கொடி மாறிய ஊர்கள் உண்டென்பதை நினைப்பதில்லை.

கிழக்கே கோவளம். பிரெஞ்சுக்காரர் வசமிருந்த அவ்வூர்க் கோட்டையை 1752இல் கிளைவ் கைப்பற்றினார். பின்னர் அது தகர்க்கப்பட்டது. தெற்கே சதுரங்கப்பட்டினம். பதினேழாம் நூற்றாண்டில் அங்கு நிலைகொண்ட ஒல்லாந்தர், நம் நெசவாளரின் மெல்லிய துணிகளைக் கப்பலேற்றினர். 1781இல் ஆங்கிலேயர் அதனைப் பிடித்தனர். 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அது அவர்க்கே உரியதாயிற்று. ஒல்லாந்தர் கல்லறைகள் இன்றும் கோட்டைக்குள் கிடக்கின்றன. அதனையடுத்த கல்பாக்கத்திலோ, அணுமின் நிலையத்தின்பொருட்டுப் பல மாநிலத்தாரும் வந்து குடியேறியுள்ளனர்.

கேளம்பாக்கத்தில் இப்போது கொடி மாறவில்லை. ஆயினும் குடி மாறுகின்றது. உப்பளங்களுக்கு அணித்தே அடுக்குமாடி வீடுகள் எழுகின்றன. சிறுசேரியிலுள்ள கணினி நிறுவனங்களை நாடிப் பல மொழியினரும் வருகின்றனர். வந்தவரால் ஊர் கெட்டதென்பார் சிலர். அஃது எமக்கு உடன்பாடன்று. பிழைக்க வந்தாரை வெறுத்தல் அறமாகாது. அந்நியரை உபசரித்தல் நம் வேதம் கற்பிக்கும் கடமையுமாம். நம் பிள்ளைகளும் பிழைப்பை நாடிப் பிற தேசங்களிற் குடியேறியிருக்கின்றனர் அல்லரோ?

எமது கவலை வேறு. புதியவர் வருவதால் ஊர் அழிவதில்லை; பழையவர் அறிந்ததைப் புதியவர்க்குச் சொல்லாமையால் அழிகின்றது. எவ்வழி மழைநீர் ஓடும், எந்நிலம் தாழ்ந்தது, எவ்வேரி எங்கு வழியும் என்பனவெல்லாம் உப்பளத் தொழிலாளரும் மீனவரும் உழவரும் அறிவர். அவ்வறிவு ஏட்டிலேறாது மறைந்தால், நீர் நின்றவிடத்தில் வீடு எழும். பின்னர் அவ்வீட்டில் நீர் புகும். சென்னையின் சுற்றுப்புறங்கள் 1 நாளில் மறக்கக்கூடாத அப்பாடத்தை 2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் கற்றன.

ஆதலின் நம் மாணவர்க்கு ஒன்று கூறுவோம். விடுமுறையில் ஊர் செல்லும் ஒவ்வொருவரும் முதியோர் ஒருவரிடம் அமர்ந்து, ஏரி, ஓடை, தெரு, களம் ஆகியவற்றின் பெயர்களையும் அவற்றின் காரணங்களையும் எழுதி வருக. அவ்வேட்டைப் புதிதாகக் குடியேறிய அயலார்க்கும் படித்துக் காட்டுக. கோட்டைகளின் சரித்திரத்தை அரசர் எழுதுவித்தனர். குடிகளின் சரித்திரத்தை நாமே எழுதவேண்டும்.