மூளைக்குள் பறக்குமா கட்சிக்கொடி?

"அவனுக்கு மூளையே அப்படி. என்ன சொன்னாலும் அந்தக் கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுவான்!" தேர்தல் வந்துவிட்டால் எந்த ஊர் டீக்கடையிலும் கேட்கக்கூடிய வசனம் இது. சொல்கிறவர் பெரும்பாலும் சொந்த அண்ணனையோ மச்சானையோதான் சொல்லியிருப்பார். அதன்பிறகு பேச்சுவார்த்தை நின்று, கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்காமல் விடுகிற அளவுக்குப் போன குடும்பங்களும் உண்டு.

உண்மையிலேயே மூளையில் அப்படி ஏதாவது இருக்கிறதா?

இதே கேள்வியை 2010-ல் பாதி விளையாட்டாகக் கேட்டவர் ஆங்கில நடிகர் காலின் ஃபிர்த். 'தி கிங்ஸ் ஸ்பீச்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கினாரே, அவர்தான். பிபிசி வானொலியின் காலை நிகழ்ச்சி ஒன்றுக்கு விருந்தினர் ஆசிரியராக இருந்தபோது, தன் அரசியலோடு ஒத்துப்போகாதவர்களின் தலைக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்க்க விரும்பினார். யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன் விஞ்ஞானிகள் அதைச் சீரியஸாக எடுத்துக்கொண்டு, 90 மாணவர்களின் மூளை ஸ்கேன்களை ஆராய்ந்தார்கள்.

பழைமைவாதி என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்களுக்கு, வலதுபக்க அமிக்டலா சராசரியாகக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. பாதாம் பருப்பு வடிவத்தில் இருக்கும் இந்தப் பகுதிக்கு, பயத்தையும் ஆபத்தையும் உணர்வதில் முக்கியப் பங்கு உண்டு. முற்போக்கு என்று சொன்னவர்களுக்கு, முரண்பாடுகளைக் கவனிக்கும் இன்னொரு பகுதி சற்றே தடிமனாக இருந்தது. 2011-ல் 'கரன்ட் பயாலஜி' இதழில் கட்டுரை வெளியானபோது, ஆய்வாளர்கள் பட்டியலில் நடிகரின் பெயரும் இருந்தது!

2024-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 928 பேரின் ஸ்கேனை வைத்து இதை மீண்டும் சோதித்தார்கள். அமிக்டலா தொடர்பு இருந்தது. ஆனால், லண்டனில் கண்டதில் மூன்றில் ஒரு பங்குதான். வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? ஓர் எள் அளவு! முரண்பாட்டைக் கவனிக்கும் பகுதியில் வித்தியாசமே தென்படவில்லை. பொருளாதாரத்தில் தீவிர இடதுசாரியான அந்நாட்டு சோஷலிஸ்ட் கட்சியின் ஆதரவாளர்களுக்கு, மற்ற முற்போக்குக் கட்சியினரைவிட அமிக்டலா சராசரியாகச் சற்றுப் பெரிதாக இருந்தது. சமூக விஷயங்களில் அந்தக் கட்சி கொஞ்சம் பழைமைப் பக்கம் சாய்வது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

இந்த எள்ளை வைத்து நம்மூர் ஓட்டைக் கணிக்க முடியுமா? திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் இருக்கிற கீழ்பென்னாத்தூரையே எடுத்துக்கொள்வோம். தொகுதி சீரமைப்பில் உருவான இந்தச் சட்டமன்றத் தொகுதி, 2011-ல் சந்தித்த முதல் தேர்தலில் அ.தி.மு.க-வைத் தேர்ந்தெடுத்தது. 2016-ல் தி.மு.க-வின் கு.பிச்சாண்டிக்கு மாறியது. 2021-லும் அவரே ஜெயித்து, சட்டசபையின் துணை சபாநாயகர் ஆனார். கீழ்பென்னாத்தூர் அடங்கிய திருவண்ணாமலை நாடாளுமன்றத் தொகுதியில் 2014-ல் அ.தி.மு.க, 2019-ல் தி.மு.க. ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலானோர் அதே ஆட்கள்தான். ஐந்து வருஷத்தில் ஊரோடு அமிக்டலா சுருங்கியா போய்விட்டது? கூட்டணி, வேட்பாளர், விலைவாசி, சாதிக் கணக்கு என்று மாறியதெல்லாம் வெளியில்தான்.

போதாக்குறைக்கு, லண்டன் மாணவர்களை அளந்த 'பழைமை - முற்போக்கு' அளவுகோல் இங்கே சரியாகப் பொருந்துவதும் இல்லை. 1972-ல் எம்.ஜி.ஆர் பிரிந்து வந்து ஆரம்பித்ததுதான் அ.தி.மு.க. இரண்டுக்கும் வேர் ஒன்று. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற பாட்டி, பகுத்தறிவு பேசி வளர்ந்த கட்சிக்குக் காலங்காலமாக ஓட்டுப் போடுவார். அவரை எந்தப் பெட்டியில் போடுவது?

முக்கியமான இன்னொரு சிக்கல், மூளையைப் பார்த்துக் கட்சி வந்ததா, வாழ்ந்த வாழ்க்கையால் மூளை மாறியதா என்பது. லண்டன் டாக்ஸி டிரைவர்கள் ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்கிறவர்கள். அவர்களின் மூளையில் இடங்களை நினைவில் வைக்கும் பகுதியின் பின்பக்கம் பெரிதாக இருப்பது 2000-ல் தெரியவந்தது. படித்துப் பாஸான பிறகுதான் அது வளர்கிறது என்பதை 2011-ல் வந்த ஆய்வு காட்டியது. தலைவலிக்கு எடுத்த எம்.ஆர்.ஐ படத்தைப் பார்த்து, இவர் இந்தக் கட்சி என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது.

வீட்டுச் சண்டைக்கு உதவும் ஆய்வு வேறொன்று இருக்கிறது. 2004 அமெரிக்கத் தேர்தல் சமயத்தில், உளவியலாளர் ட்ரூ வெஸ்டன், புஷ் கட்சிக்காரர்கள் 15 பேரையும் கெர்ரி கட்சிக்காரர்கள் 15 பேரையும் ஸ்கேனருக்குள் படுக்கவைத்தார். இரு தலைவர்களும் முன்னுக்குப்பின் முரணாகப் பேசியதைக் காட்டினார். எதிர்க்கட்சித் தலைவரின் முரண்பாடு எல்லோருக்கும் பளிச்சென்று தெரிந்தது. சொந்தத் தலைவர் என்றதும் சமாளிப்பு. அப்போது நிதானமாக யோசிக்கிற பகுதிகளைவிட, உணர்ச்சி சம்பந்தப்பட்ட பகுதிகளே அதிகம் வேலை செய்தன. இதில் இரண்டு கட்சிக்காரர்களுக்கும் வித்தியாசம் இல்லை. நடிகர் டாம் ஹாங்க்ஸ் போன்ற பொதுவான ஆட்களின் முரண்பாட்டை மட்டும் இரு தரப்பும் ஒரே மாதிரி எடை போட்டது.