காலைக் கலத்தில் அயற்கூலம்

பிரெஞ்சியர் புதுவையின் ஆட்சியை 1954 நவம்பர் 1-ஆம் நாள் கையளித்தனர். 1962 ஆகத்து 16-இல் அம்மாற்றம் சட்டப்படி நிறைவேறியது. அவர்கள் போயினர், அவர்தம் நீண்ட ரொட்டி போகவில்லை. அது தொலையட்டும், அடுமனையில் மாவு பிசைந்த கைகளேனும் தமிழ்க் கைகள். இன்று நேரு வீதிக் கடைகளில் அடுக்கப்பெற்றுள்ள 'பழச்சுவை ஓட்சு'ப் பொதிகட்கோ அந்த உறவும் இல்லை.

ஓட்சு, தமிழில் காடைக்கண்ணி எனப்பெறுவது, குளிர்நாட்டுக் கூலம். கோதுமை செழிக்காத இசுக்காட்லாந்து மக்கள் அதனைக் கஞ்சியாக்கி உண்டு உரம் பெற்றனர். தம் மண் தந்ததைத் தாம் உண்ட அவர்தம் அறிவு போற்றற்குரியது. அவ்வறிவை விட்டுவிட்டு அவர்தம் கூலத்தை மட்டும் வாங்கிக்கொள்வதுதான் இங்குள்ளார் கற்ற நாகரிகம்! வடபுலத்தில் அது பெரும்பாலும் மாட்டுத் தீவனமாகவே பயிரிடப்பெறுகின்றது. பாகூர் வயலிலோ வில்லியனூர்க் கொல்லையிலோ அது விளைவதில்லை.

ஓட்சிலுள்ள கரையும் நார் குருதிக் கொழுப்பைக் குறைக்கும் என்பது ஆராய்ச்சியால் நிறுவப்பெற்ற உண்மை. புரதத்திலும் அது கேழ்வரகினும் மேம்பட்டதே. இவற்றை மறைப்பது நேர்மையன்று. ஆனால், சுவையூட்டி விற்கப்பெறும் பொதிகளின் பின்புறத்தைப் படித்துப் பார்ப்பார் எத்தனை பேர்? பலவற்றில் சருக்கரை, மணமூட்டி, உலர்ந்த பழத் துணுக்குகள் சில, அவ்வளவே. குபேர் அங்காடியில் வாழைத்தார் தொங்க, அண்மையிலுள்ள பண்ணுருட்டியில் பலா மணக்க, தாளுறைக்குள் பழம் தேடுவாரை என்னென்பது?

நூறு கிராம் கேழ்வரகில் சுண்ணாம்பு ஊட்டம் ஏறத்தாழ 340 மில்லி கிராம். ஓட்சில் அதன் ஆறிலொரு பங்கே. தினையின் புரதமோ 12 கிராம் அளவினது. தேனும் தினைமாவும் குறிஞ்சி நிலத்தார் உண்ட உணவு. பழஞ்சுவைக் கஞ்சியைத் தமிழனுக்கு வெளியார் வந்து கற்பிக்க வேண்டுவதில்லை.

செய்முறையும் அரிதன்று. ஒரு பங்கு தினையரிசியை இரவே ஊறவைத்து, காலையில் நான்கு பங்கு நீரில் குழைய வேகவிட்டு, கருப்பட்டிப் பாகு சேர்த்து இறக்குக. சூடு தணிந்தபின் மசித்த வாழைப்பழமும் நறுக்கிய மாம்பழமும் தேங்காய்த் துருவலும் கலக்குக. பழத்தை அடுப்பிலேற்ற வேண்டா. வெம்மையால் அழியும் ஊட்டங்கள் அதில் உள. மாம்பழம் இல்லாக் காலத்துக் கொய்யா நன்று. கூலத்திலுள்ள இரும்பினை உடல் ஏற்க அது துணைசெய்யும்.

கூழ் குடிப்பவன் ஏழை, பட்டிக்காட்டான் என்று இழித்துக் கூறியே சிறுகூலத்தைத் தமிழனின் கலத்தினின்றும் விரட்டினர். இன்று அதே தினை, வண்ண உறைக்குள் புகுந்து, ஏழை தொடவியலா விலையில் திரும்பி வந்திருக்கின்றது. ஒன்றிய நாடுகள் அவை 2023-ஐச் சிறுகூல ஆண்டாக அறிவித்தது. மேடைகளில் அவ்வாண்டு முழக்கியவர்கள் தத்தம் வீட்டுக் காலைக் கலத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

தமிழ்நாட்டில் பள்ளிக் காலையுணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கப்பெற்றது. அதற்கு முன்பே புதுவை அரசுப் பள்ளிப் பிள்ளைகட்குக் காலையில் பாலும் ரொட்டியும் வழங்கப்பெற்றன. வழிகாட்டிய அப்புதுவை, வாரத்தில் இரு நாளேனும் தினைக்கஞ்சியும் பழமும் பிள்ளைகட்குக் காலையுணவாகத் தரலாகாதா? தருமபுரி, கிருட்டிணகிரிப் பகுதி உழவரிடம் கேழ்வரகையும் அரசே நேரில் கொள்முதல் செய்யட்டும். தரகர் விழுங்கும் பங்கு விளைவித்தவனுக்கே போய்ச் சேரும்.