நம்ம ஊரில் பனியா பெய்கிறது?

"நம்ம ஊர்ல பனியா பெய்யுது அய்யா? கூலண்ட் எல்லாம் குளிர் தேசத்துக்காரனுக்கு. நமக்குத் தண்ணியே போதும்."

இந்த வாக்கியத்தை அருப்புக்கோட்டையில் மூன்று ஒர்க்‌ஷாப்புகளில் கேட்டுவிட்டேன். திருச்சுழி சாலையில் ஒரு டீக்கடை பெஞ்சிலும் கேட்டேன். சொன்னவர்கள் எல்லோரும் நல்ல மனிதர்கள், கை சுத்தமான வேலைக்காரர்கள். ஆனாலும் இன்று இந்த ஒரு வாக்கியத்தோடு சண்டை போடப் போகிறேன். காரணம் இருக்கிறது.

எங்கள் தெருவில் தறி ஓட்டுகிற ஒருவரின் மகன் கடன் வாங்கிப் பழைய யமஹா ஆர்15 ஒன்று வாங்கினான். 2008இல் வந்தார்களே, அந்த முதல் மாடல். தினமும் காரியாபட்டி பக்கம் வேலைக்குப் போய்வர வண்டி. வாங்கிய சில நாளில் ரேடியேட்டரின் ரிசர்வ் டப்பாவில் மட்டம் குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான். "தாத்தா, இதுல என்ன ஊத்தணும்?" நான் முப்பத்தைந்து வருஷம் அரசாங்க எழுத்தர். நாற்பது வருஷமாக மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவன். தெருவில் விஷயம் தெரிந்தவன் என்று பெயர். மெக்கானிக் மேலே சொன்ன வாக்கியத்தைச் சொன்னார். நான் தலையாட்டினேன். வீட்டு போர் தண்ணீரைச் சொம்பில் எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

அதன்பிறகு மட்டம் குறையும்போதெல்லாம் அதே தண்ணீர். அடுத்த சித்திரையில் திருச்சுழிக்குப் போகும் வழியில் வண்டி கொதித்து நின்றது. பிரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகப் படிவு, வாட்டர் பம்ப் சீல் தேய்ந்து, எஞ்சின் ஆயிலோடு தண்ணீர் கலந்து பால் காபி நிறத்தில் இருந்தது. சூட்டில் சிலிண்டர் ஹெட்டும் வளைந்துவிட்டது. செலவு, அவன் வண்டி வாங்கிய விலையில் பாதிக்கு மேல். பையனின் அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் உறுத்துகிறது.

முதல் கோளாறு பெயரில் இருக்கிறது. நான் படித்தது பாண்டிச்சேரியில், பிரெஞ்சு வழியில். அங்கே இதற்கு இரண்டு பெயர் உண்டு. ஒன்று 'ஆந்திஜெல்', அதாவது உறையாமல் காப்பது. ஆங்கிலத்தில் ஆன்டிஃப்ரீஸ் என்பதும் அதே பொருள்தான். இன்னொன்று குளிரவைக்கும் திரவம் என்று பொருள்படும் நீளமான பெயர். நம் ஊர் மெக்கானிக்குகள் காதில் முதல் பெயர் மட்டும் விழுந்திருக்கிறது. உறையாமல் காப்பதுதான் அதன் வேலை என்றால், கரிசல் காட்டில் அது வேண்டாம் என்பது நியாயம்தான். ஆனால் உறையாமல் காப்பது அதன் வேலைகளில் ஒன்று. நமக்கு வேண்டிய வேலைகள் வேறு: அலுமினியம் அரிக்காமல் பார்ப்பது, உப்பு படியவிடாமல் தடுப்பது, பம்ப் சீலைக் காப்பது, கொதிநிலையைச் சற்று ஏற்றுவது.

இதில் இருக்கும் எத்திலீன் கிளைக்காலை 1856இல் முதலில் தயாரித்தவர் ஷார்ல் அடோல்ஃப் வூர்ட்ஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். குணத்தில் கிளிசரினுக்கும் ஆல்கஹாலுக்கும் நடுவில் நின்றதால் இரண்டு பெயரையும் ஒட்டிக் 'கிளைக்கால்' என்றார். அப்போது மோட்டார் சைக்கிளும் இல்லை, ரேடியேட்டரும் இல்லை. பெயரை வைத்துக் குணத்தை முடிவுகட்டக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இரண்டாவது கோளாறு எங்கள் தலைமுறையின் அனுபவம். நாங்கள் ஓட்டிய ராஜ்தூத், புல்லட், ஆர்எக்ஸ் 100 எல்லாம் காற்றில் ஆறுகிற வண்டிகள். சிலிண்டரைச் சுற்றி மடிப்பு மடிப்பாகத் தகடு இருக்கும், அவ்வளவுதான். ரேடியேட்டரே கிடையாது. ஆகவே இந்த விஷயத்தில் நாற்பது வருஷ அனுபவம் என்று நான் மார்தட்டுவதில் சாரமில்லை. ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிய அனுபவம் எங்களுக்கு வந்தது அம்பாசிடரிலும் லாரியிலும். அம்பாசிடர் எஞ்சின் வார்ப்பிரும்பு. அந்தக் காலத்து ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். வழியில் கிணற்றடியில் நிறுத்தி ஒரு வாளி ஊற்றினால் ஓடும். துருப்பிடித்தாலும் கனமான இரும்பு, வருஷக்கணக்கில் தாங்கும். இன்றைய வண்டியில் எஞ்சினும் அலுமினியம், ரேடியேட்டரும் அலுமினியம். அதன் குழாய்கள் மெல்லியவை, வழிகள் குறுகியவை. மொத்தக் கொள்ளளவே ஒரு லிட்டரை ஒட்டித்தான். லாரிக்குச் சொன்ன வைத்தியத்தை இதற்குச் செய்வது, யானைக்குப் போட்ட மருந்தை ஆட்டுக்குட்டிக்குக் கொடுப்பது போல.

மூன்றாவது, நம் தண்ணீர். பந்தல்குடிப் பக்கம் சிமென்ட்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கிறார்கள். மண்ணில் அது கிடக்கும் பிரதேசத்தில் போர் தண்ணீரில் மட்டும் இல்லாமல் போய்விடுமா? நம் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியைச் சுரண்டிப் பாருங்கள். ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகக் கட்டுகிறதே, அதேதான் ரேடியேட்டர் குழாயிலும் கட்டும். பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்க்கலாம். எஞ்சினுக்குள் யார் கையை விடுவது?

"அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்று கம்பெனிக்காரனே சொல்கிறானே" என்பார்கள். சொல்கிறான். ஆனால் முழுதாகப் படிக்க வேண்டும். யமஹா கையேடுகளில் கூலண்ட் கிடைக்காவிட்டால் காய்ச்சி வடித்த நீரோ மென்னீரோ ஊற்றலாம், கடின நீரும் உப்பு நீரும் எஞ்சினுக்குக் கேடு, தண்ணீர் ஊற்றியிருந்தால் சீக்கிரம் கூலண்டுக்கு மாற்ற வேண்டும் என்றெல்லாம் போட்டிருக்கிறது. அரசாணையின் முதல் பத்தியை மட்டும் படித்துவிட்டுக் கோப்பில் குறிப்பு எழுதுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பின்னால் தணிக்கையில் மாட்டிக்கொள்வார்கள்.

எதிர்க்கட்சிக்கும் ஒரு நியாயம் கொடுத்துவிடுகிறேன். சூட்டை வாங்கிச் சுமப்பதில் வெறும் தண்ணீர்தான் கெட்டிக்காரன். கிளைக்கால் சேர்த்த கலவை அதைவிடக் கொஞ்சம் மட்டம். பந்தயத் தடங்கள் பலவற்றில் கிளைக்கால் கூடாது என்றே விதி இருக்கிறது, கீழே சிந்தினால் வழுக்கும் என்பதற்காக. ஆனால் பந்தயக்காரர்கள் ஊற்றுவது நம் போர் தண்ணீர் அல்ல. எஞ்சினையும் அடிக்கடி பிரித்துப் பார்ப்பவர்கள் அவர்கள். தறிக்காரர் மகன் ஒருமுறை பிரித்ததற்கே இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறான்.

இந்தக் காரணத்தால்தான் எதிர்ப்பக்கத் தவறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சில இளவட்டங்கள் 'நல்லது நிறையப் போனால் இன்னும் நல்லது' என்று கான்சன்ட்ரேட்டைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றுகிறார்கள். அது சூட்டை இன்னும் மோசமாகச் சுமக்கும். பாதிக்குப் பாதி என்றால் பாதிக்குப் பாதிதான்.

அப்படியானால் எதை வாங்குவது? நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, நீலம், சிவப்பு, ரோஸ் எல்லாம் கம்பெனிகள் கலக்கும் சாயம். எந்த நிறத்துக்கு எந்தச் சரக்கு என்று பொது விதி கிடையாது. லேபிளைப் படியுங்கள். எத்திலீன் கிளைக்கால், அலுமினிய எஞ்சினுக்கு ஏற்றது, சிலிக்கேட் இல்லாதது, ஐஎஸ் 5759 அல்லது ஜேஐஎஸ் கே 2234 தரம் என்று இருந்தால் ஜப்பானிய வடிவமைப்பு வண்டிக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். சிலிக்கேட் பம்ப் சீலைத் தேய்க்கும் என்பது ஜப்பான்காரர்களின் கவலை. அதனால் அவர்கள் அதை விட்டுவிட்டுப் பாஸ்பேட் சேர்க்கிறார்கள். ஐரோப்பாவில் தண்ணீர் கடினமானது. பாஸ்பேட் அதிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து படியும் என்று அவர்கள் பாஸ்பேட்டை விட்டார்கள். நம் ஊர்த் தண்ணீரும் அந்த ஜாதிதான். ஆகவே ஜப்பானியக் கான்சன்ட்ரேட்டை வாங்கிப் போர் தண்ணீரில் கலப்பது இரட்டிப்புத் தவறு. நம்மைப் போன்றவர்களுக்கு உத்தமம், கலந்தே வருகிற ரெடி மிக்ஸ். ஒரு லிட்டர் சில நூறு ரூபாய், முடிந்தது கதை. கான்சன்ட்ரேட்தான் கிடைத்தது என்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கலக்குங்கள்.

பழைய வண்டி என்றால் இன்னும் கொஞ்சம் வேலை. முன்னால் வைத்திருந்தவர் என்ன ஊற்றினார் என்று உங்களுக்குத் தெரியாது. அதனால் பழையதன் மேலேயே ஊற்றாமல் முழுக்க வடித்துவிட்டு, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி ஓடவிட்டு, தெளிவாக வரும்வரை இரண்டு மூன்று தடவை அலசுங்கள். ரப்பர் ஹோஸை அழுத்திப் பாருங்கள். வெடிப்போ விறைப்போ இருந்தால் மாற்றுங்கள். ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்துக் கொதிக்காமல் காப்பது அதுதான். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் எந்தக் கூலண்டும் வழிந்துதான் போகும். சூடாக இருக்கும்போது அதைத் திறக்கவே கூடாது. கூலண்டில் அரிப்பைத் தடுக்கும் மருந்து நாளாவட்டத்தில் தீர்ந்துபோகும். கையேட்டில் வருஷக் கணக்குப் போட்டிருந்தால் அதன்படி, இல்லாவிட்டால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கடைசியாக ஒன்று, இதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வடித்த கூலண்டை ரோட்டோரம் கொட்டாதீர்கள். கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம். சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரைக் குடிக்கும். குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களை விரல்விட்டு எண்ணலாம். இந்தப் பக்கத்து ஆடும் நாயும் கோடையில் எந்தக் குட்டையைக் கண்டாலும் வாயை வைக்கும். மூடியுள்ள கேனில் பிடித்து, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்திருந்து, பெரிய சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள்.

போன மாதம் பையனோடு போய் ரெடி மிக்ஸ் வாங்கினோம். லேபிளை நான் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன், காசை நான்தான் கொடுத்தேன். ஒர்க்‌ஷாப்பில் அதே மெக்கானிக், அதே பனிக் கேள்வி. இந்தத் தடவை நான் தலையாட்டவில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்த பழைய வெந்நீர்ப் பாத்திரத்தைக் கவிழ்த்து அடியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிங்கய்யா, ஊத்திருவோம்" என்றார்.