சீருடைக் காதலனை ரசிக்க யாரிடம் அனுமதி கேட்பது?

அமெரிக்காவில் 'மிலிட்டரி ரொமான்டிக் சஸ்பென்ஸ்' என்றொரு நாவல் வகை உண்டு. நாயகன் பெரும்பாலும் கடற்படையின் 'நேவி சீல்' அதிரடி வீரன். மூன்று நாள் தூங்கமாட்டான். தோளில் குண்டு பாய்ந்த பிறகும் நாயகியைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். வெடிகுண்டு வெடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது முத்தம் கொடுப்பான். நம்ப முடியாத கதை என்பது எழுதுகிறவருக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும். நான் இவற்றை விரும்பிப் படிக்கிறேன். அப்படிச் சொன்னதும் இரண்டு பக்கத்திலிருந்து ஏளனம் வருகிறது.

முதல் பக்கம் இலக்கியவாதிகள். 'குப்பை' என்கிறார்கள். ஆண்கள் படிக்கும் குப்பைக்கு என்ன பெயர்? 1961இல் அமெரிக்க அதிபர் கென்னடிக்குப் பிடித்த பத்துப் புத்தகங்களின் பட்டியலை 'லைஃப்' இதழ் வெளியிட்டது. அதில் ஒரு ஜேம்ஸ் பாண்ட் நாவலும் இருந்தது. 1984இல் வெளியான டாம் கிளான்சியின் 'தி ஹன்ட் ஃபார் ரெட் அக்டோபர்' நாவலை அதிபர் ரீகன் பாராட்டினார். அங்கேயும் உலகைக் காப்பாற்றும் வீரர்கள்தான், ஆயுதங்கள்தான். பெண் எழுதி, பெண் படித்து, நடுவில் பெண்ணின் இன்பமும் வந்துவிட்டால் மட்டும் அது குப்பை.

இரண்டாவது பக்கம் நம் தோழிகள். இந்தக் கட்டுரை அவர்களுக்குத்தான். ராணுவத்தைக் கொண்டாடும் புத்தகத்தை ஒரு பெண்ணியவாதி எப்படி ரசிக்கலாம் என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: படிக்கிற பெண் புத்தகம் சொன்னதையெல்லாம் அப்படியே விழுங்கிவிடுவாள். கதைப்புத்தகம் படித்தால் பெண் கெட்டுப்போவாள் என்ற அப்பாக்களும் இதையேதான் சொன்னார்கள்.

ஜானிஸ் ராட்வே என்ற ஆய்வாளர் அமெரிக்க ஊர் ஒன்றில் காதல் நாவல் வாசகிகளிடம் பேசி, 1984இல் ஒரு நூல் வெளியிட்டார். புத்தகம் கையில் இருக்கும் நேரம் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் சேராத, தங்களுக்கே உரிய நேரம் என்றார்கள் அந்தப் பெண்கள். அந்த நேரத்தின் அருமையை ராட்வே மறுக்கவில்லை. அதனால் வீட்டின் அதிகாரம் மாறிவிடுமா என்ற சந்தேகத்தையும் அவர் விடவில்லை. இரண்டையும் சேர்த்தே யோசிக்க முடியும்.

சூசன் பிராக்மன் 2000இல் எழுதிய 'தி அன்சங் ஹீரோ'வை எடுத்துக்கொள்வோம். தலையில் அடிபட்டு ஊருக்கு வந்திருக்கும் 'சீல்' அதிகாரி டாம், தேடப்படும் பயங்கரவாதி ஒருவனைப் பார்த்ததாகச் சொல்கிறான். மேலிடம் நம்பவில்லை, அடிபட்ட மூளையின் குழப்பம் என்கிறது. நாயகி கெல்லி குழந்தை மருத்துவர்; சாகக்கிடக்கும் தந்தையைக் கவனிக்க ஊர் திரும்பியவள். கண்ணால் கண்டதைச் சொன்னால் 'உனக்கு மனசு சரியில்லை' என்ற பதில் வருவது பெண்களுக்குப் பழகிய அனுபவம். அது ஒரு மாவீரன் தலையில் விழுவதைப் பார்ப்பதில் எனக்குத் திருப்தி உண்டு. இந்த வகை நாவல்களில் எத்தனை பெரிய வீரனும் ஒரு கட்டத்தில் தன் பயத்தை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, பதிலைக் காதில் வாங்கியாக வேண்டும். வாசகிகள் ஆசைப்படுவது இதற்குத்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பொய் வேறு இடத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட ஆணை ராணுவம் உருவாக்கித் தரும் என்பதுதான் அந்தப் பொய். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் சொந்த மதிப்பீட்டின்படியே, 2021இல் சுமார் 36,000 படையினர் விருப்பத்துக்கு மாறான பாலியல் தொடுகைக்கு ஆளானார்கள்; முழுநேரப் பணியில் இருந்த பெண்களில் 8.4 சதவீதம் பேர். 2006இல் ஈராக்கின் மஹ்மூதியாவில் அமெரிக்கப் படையினர் 14 வயதுச் சிறுமியை வல்லுறவு செய்து, அவளையும் பெற்றோரையும் ஆறு வயதுத் தங்கையையும் கொன்றார்கள். அவர்களும் அமெரிக்க ராணுவத்தைச் சேர்ந்தவர்கள்தான். அந்தச் சிறுமிக்கு இந்த நாவல்களில் இடமில்லை. அவளைப் போன்றவர்கள் வந்தாலும் காப்பாற்றப்படும் கூட்டமாக, பெயரில்லாமல் வந்துபோகிறார்கள்.

இதைச் சொல்ல இந்த நாவல்களைப் படித்திருக்க வேண்டும், படிப்பதாக வெளியே சொல்லவும் வேண்டும். அட்டையை மறைத்துப் படிக்கிற பெண் தான் ரசித்ததையும் பேசுவதில்லை, தன்னை உறுத்தியதையும் பேசுவதில்லை. அப்போது அந்தப் பொய்யைக் கேள்வி கேட்க யாரும் இல்லாமல் போகிறார்கள். அவளை வெட்கப்பட வைக்கிற ஒவ்வொரு தோழியும், தெரிந்தோ தெரியாமலோ, ராணுவத்தின் விளம்பரத்துக்கு உதவி செய்கிறாள்.

எனவே ரசியுங்கள், உரக்கச் சொல்லுங்கள், உரக்கச் சண்டையும் போடுங்கள். கேட்கத் தெரிந்த, பயத்தை ஒப்புக்கொள்ளத் தெரிந்த ஆண் வேண்டும் என்ற ஆசை நம்முடையது. அதற்குத் துப்பாக்கி தேவையில்லை. கணவனிடமும் அண்ணன் தம்பியிடமும் கூடப் படிக்கிறவனிடமும் இன்றைக்கே கேட்கலாம்.